கோயில் சாயம் அடித்த வீடு

அலுவலகத்தில் யாராவது கோப்பெங் பக்கம் ஒரு நாள் சுற்றிவிட்டு வரலாம் என்று ஆரம்பித்தால் போதும், எனக்கு உட்கார்ந்திருக்கும் நாற்காலி சுடும். ஈப்போவில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது கிட்டத்தில் இருக்கிற ஊர். ஈயம் தோண்டிய காலத்துக் கடைவீதி, பழைய சாமான்களை அடுக்கி வைத்திருக்கிற வீடு, ஆற்றில் ரப்பர் படகு, குகை, எல்லாவற்றுக்கும் பின்னால் மலை. காலையில் போனால் சாயந்திரம் திரும்பிவிடலாம். போன வாரமும் இந்தப் பேச்சு எழுந்தது. பக்கத்து மேசைக்காரி என் பக்கம் திரும்பி, "ஒங்க ஊருதானே லா, எங்கெங்க போலாம், நீயே சொல்லேன்," என்றாள். தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று போத்தலைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். போத்தல் நிறையத்தான் இருந்தது.

ஊரை நான் குறை சொல்லவில்லை. காலையில் அந்த மலை இடுப்பு வரைக்கும் மேகத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கிற அழகை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு நாள் போதும். பார்க்கப்படுகிறவர்களுக்கு அந்த ஒரு நாளுக்குத் தயாராவதற்குள் உயிர் போய்விடும். இது எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் நிறைய ஆட்கள் எங்களைப் பார்க்க வந்தார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டம் கோப்பெங்கிலிருந்து மலையைப் பார்த்து உள்ளே போகிற பாதையில் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே ரப்பர் மரங்களை வெட்டித் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டுவிட்டார்கள். ரப்பர் போனதும் சனங்களும் ஒவ்வொரு குடும்பமாகப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு லயம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே சுவரோடு சுவராக ஒட்டின வீடுகள், எல்லா வீட்டுக்கும் சேர்த்து முன்னால் நீளமாக அஞ்சடி என்று ஒரு தாழ்வாரம். நடுவீடு எங்களுடையது, ஓரத்து வீடு பெரியப்பாவுடையது. எங்களுடையது என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன். வீடு கம்பெனியுடையது. எங்கள் வீட்டில் ஒருவரும் தோட்டத்து வேலைக்குப் போகவில்லை. அம்மாவை விடியலில் கையுறைத் தொழிற்சாலை பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அப்பா ஈப்போவில் ஒரு கிடங்குக்கு ஜாகா. இரவெல்லாம் காவல் காத்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குவார்.

ஒரு நாள் மழை விட்டதும் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி மோட்டார் சைக்கிளில் வந்தார். மண் அப்பிய சப்பாத்தோடு நேராக உள்ளே நடந்து, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். கணுக்காலுக்கு மேலே வருகிற உயரமான சப்பாத்து, மஞ்சள் நூல் தையல், நீளமான கயிறு. அந்தச் சப்பாத்து மீது எனக்கு அப்போது பெரிய ஆசை இருந்தது. கம்பெனி கை மாறிவிட்டது, லயத்தை இடிக்கப் போகிறார்கள், தீபாவளி முடிந்ததும் காலி பண்ணிவிட வேண்டும் என்று சொன்னார். அடுக்குமாடி வீட்டுக்குப் பெயர் போயிருக்கிறது, ஆனால் எப்போது கிடைக்கும் என்று தெரியாதாம். "அதுவரைக்கும் சொந்தக்காரவங்க வீடு எங்கியாச்சும் இருக்கும்லா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போனார். வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும், நாற்காலியிலிருந்து வாசல் வரைக்கும் சிமெண்டுத் தரையில் சிவப்பு மண் தடம். யாரும் அதை விசேஷமாக நினைக்கவில்லை. ஆபீசிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் எப்போதும் அப்படித்தான் வருவார்கள். அம்மா வாளியும் துணியும் எடுத்துவந்து துடைத்தாள்.

சொந்தக்காரர் வீடு என்றால் பீடோரில் இருந்த மாமா வீடுதான். அங்கே ஏற்கெனவே கால் நீட்டிப் படுக்க இடம் கிடையாது. நானும் அம்மாவும் பீடோருக்குப் போவதாகவும் அப்பா கிடங்கு வாசலில் இருக்கிற ஜாகா கொட்டகையிலேயே தங்கிக்கொள்வதாகவும் வீட்டில் பேச்சு அடிபட்டது. அப்பா இல்லாமல் ஒரு வீட்டில் இருப்பதை நினைத்தால் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கும்போது நடுவில் எழுந்து நின்று திட்டு வாங்கினேன்.

இந்த நேரத்தில்தான் பெரியப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. பெரியப்பாவுக்கு ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது. பேசும்போதுகூட வேன் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே இருப்பார். வாரநாளில் பள்ளிக்கூட வேன். சனி, ஞாயிறு வந்துவிட்டால் சுற்றுப்பயணிகள். படகு விடுகிற ஆற்றுக்கும், தாப்பாவிலிருந்து மேலே மலைக்கும் ஏற்றிக்கொண்டு போவார். அப்படிப் போய்வந்ததில் அவர் ஒன்றைக் கவனித்திருந்தார்.

"கோப்பெங்குல அந்தப் பழைய வீட்ட பாத்தீங்களா?" என்றார், அஞ்சடியில் நின்றபடி லயம் முழுவதற்கும் கேட்கிற மாதிரி. "ஓடாத கடிகாரம், துருப்புடிச்ச இஸ்திரிப் பொட்டி, சொட்டையான தேத்தண்ணிக் கேத்தல். சனங்க வரிசையில நின்னு பாக்குறாங்க லா! அந்த வீட்ட எவனாச்சும் ஒடைக்கட்டும் பாப்போம். ஒடைக்க மாட்டான். ஏன்னா அது பழசுன்னு பேரு வாங்கிடுச்சி. நம்மகிட்ட பழசுக்கு என்னா கொறச்சல்?"

பழசுக்கு எங்களிடம் ஒரு குறைச்சலும் இல்லை. அதில் எல்லாருக்கும் ஒரே கருத்துதான்.

கோப்பெங்கில் சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்த ஒரு சீனப் பெண்ணைப் பெரியப்பாவுக்குத் தெரியும். பெரிய தொப்பி போட்டிருப்பாள். பெரியப்பாவை அண்ணே என்றும் அம்மாவை அக்கா என்றும் கூப்பிடுவாள். அவளிடம் பேசி, கோலாலம்பூரிலிருந்து வருகிற ஒரு பஸ்ஸை வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்துக்கும் திருப்பிவிட ஏற்பாடு செய்துவிட்டார். மலை, ஆறு, அதோடு பழைய ரப்பர் தோட்டத்து வாழ்க்கை. வந்தவர்களுக்குப் பிடித்துவிட்டால் வாராவாரம் பஸ் வரும். வாராவாரம் பஸ் வருகிற இடத்தை எந்தக் கம்பெனி இடிக்கும்? அன்றைக்குக் கிராணியையும் வரச் சொல்லியிருந்தார். கூட்டத்தை அவர் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு மேலே போய்ச் சொல்ல வேண்டும் என்பது திட்டம். "கிராணிகிட்ட மட்டும் பவ்யமா நடந்துக்குங்க, அவர் மனசு கோணாம பாத்துக்குங்க," என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்.

பிறகு சட்டம் போட்டார். ஒன்றையும் தொடக்கூடாது. கரி பிடித்த சுவர் கரியோடு இருக்கட்டும். துரு ஏறின தகரம் துருவோடு இருக்கட்டும். ஒட்டடை அடிக்கவே கூடாது. கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிடந்த ரப்பர் பால் பிடிக்கிற மங்குகளையும், தோளில் காவடி மாதிரி தூக்கிப் போகிற காண்டா வாளிகளையும் என்னை விட்டே பொறுக்கிவரச் சொல்லி, அஞ்சடியில் ஆணி அடித்து மாட்டினார். பூரான் ஒன்று மங்கிலிருந்து விழுந்து ஓடியது. அதையும் அடிக்க வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "பஸ்ஸு நெறைய ஆளு வாரப்ப வூட்ட இப்புடியா போட்டு வைப்பாங்க?" என்றாள்.

"அவங்க பாக்க வாரதே இதத்தான் லா!"

"ஒட்டடைய பாக்கவா கோலாலம்பூருலேர்ந்து வாராங்க? அவங்க வூட்டுல இல்லியா?"

பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். ஞாயிறு காலைதான் வருவதாக ஏற்பாடு. அங்கேதான் அவர் கோட்டை விட்டார்.

விருந்தாளி வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு வீட்டைக் கழுவாமல் விட எங்கள் லயத்துப் பெண்களால் முடியாது. அம்மா முதலில் ஒட்டடைக் கம்பை மட்டும்தான் எடுத்தாள். ஒட்டடை போனதும் சுவர் இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. சுவரைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். தேய்த்த இடமும் தேய்க்காத இடமும் வேறு வேறு நிறமாக நின்றன. இனிமேல் சாயம் அடித்தால்தான் ஆயிற்று என்று ஆகிவிட்டது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வாங்கி மீந்த சாயம் கோயில் அறையில் இருந்தது. அறைச் சாவி பெரியப்பா வீட்டில் இருந்தது. பெரியம்மா ஒரு பேச்சுப் பேசாமல் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். புருஷன் போட்ட சட்டத்தை மீறுவதற்கு அவருக்கும் ரொம்ப நாளாக ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்திருக்கும்.

கோயில் சாயம் என்றால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்ணைப் பறிக்கிற ரோஸ், மயில்கழுத்து நீலம், மாம்பழ மஞ்சள். சனிக்கிழமை முழுவதும் அடித்தோம். நான் தூரிகை கேட்டு அழுது, அம்மா ஒரு தென்னை மட்டை நுனியைத் தட்டி நார் பிரித்துக் கொடுக்க, அதைக் கொண்டு கீழ்ச்சுவரைப் பூசினேன். அந்த வாரம் முழுக்க ஓரிடத்தில் இருக்க முடியாமல் அலைந்த எனக்கு அன்று ஒரு நாள்தான் நிம்மதியாக இருந்தது. சிங்க வாகனத்துக்கு அடித்து மீந்த வெள்ளிச் சாயம் கொஞ்சம் இருந்ததைப் பார்த்த பெரியம்மா, அஞ்சடியில் தொங்கிய காண்டா வாளிகளுக்கும் மங்குகளுக்கும் அதை அடித்துவிட்டார். துருவெல்லாம் போய் அவை தகதக என்று மின்னின. அம்மா தீபாவளிக்கு என்று சுருட்டி வைத்திருந்த புதுத் தரைவிரிப்பை எடுத்து உள்ளே விரித்தாள். பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. நடந்தால் காலில் ஒட்டிக்கொண்டு சத்தம் போடும்.

ஞாயிறு காலை முதலில் வந்தது அப்பா. வேலை முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வந்தவர் லயத்தின் முன்னால் நின்று ஒரு முறை அந்தப் பக்கம், ஒரு முறை இந்தப் பக்கம் பார்த்தார். "நம்ம வூடு எதும்மா?" என்று என்னைக் கேட்டார். காட்டினேன். உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

அடுத்து பெரியப்பாவின் வேன் வந்தது. இறங்கினவர் சாவியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டார். அவர் கை ஓய்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"குடிய கெடுத்தீங்களே!" என்று பிறகு ஆரம்பித்தார். "லயத்த பாக்க வாரவனுக்கு கோயில காட்டவா? என்னா லா இது, வாளிக்கு வெள்ளிக் கவசமா சாத்தியிருக்கீங்க!"

"வெட்கமில்லாம அழுக்க காட்டச் சொல்றீங்களா?" என்றாள் அம்மா, வடைக்கு மாவு ஆட்டிக்கொண்டே.

"அழுக்கு இருந்தாத்தான் வூடு நிக்கும்!"

அவர் சும்மா விடுகிற ஆள் இல்லை. அடுப்படியில் புகுந்து சாம்பலை அள்ளிவந்து சுவரில் பூசத் தொடங்கினார். ஈரம் காயாத ரோஸ் சாயத்தில் சாம்பல் பட்டு ஒரு மாதிரி ஊதா நிறமாக வந்தது. நானும் ஒரு கரித்துண்டை எடுத்து ஜன்னல் சட்டத்தில் தேய்த்தேன். அவர் முன்னால் பூசிக்கொண்டே போக, பின்னாலேயே பெரியம்மா துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். நான் யார் கட்சி என்று எனக்கே தெரியவில்லை. வீடு நிற்க வேண்டும் என்றால் பெரியப்பா பக்கம் இருக்க வேண்டும். ஆனால் நேற்று நான் பூசின நீலம் அத்தனை அழகாக இருந்தது. "நீ ஓடிப் போயி பஸ்ஸு வாருதான்னு பாரு!" என்று பெரியப்பா விரட்டினார். சாலை முக்குக்கு ஓடினேன். பஸ் இல்லை. திரும்பி ஓடிவந்து இல்லை என்றேன். திரும்பவும் விரட்டினார். செம்பனை வரிசைகளுக்கு நடுவில் அந்தச் செம்மண் பாதையில் போய்வந்து போய்வந்து என் வெள்ளைக் காலுறை காவிநிறம் ஆனது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சுவர் வேறு நிறத்தில் இருந்தது.

கடைசியில் பஸ் வந்தபோது நான் முக்கில் இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்திருந்தேன். ஹாரன் சத்தம் கேட்டுத்தான் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

கழுத்தில் கேமராவோடு வயதான சீனத் தம்பதிகள், ஒரு மலாய் மாணவிகள் கூட்டம், வெயிலில் சிவந்துபோன ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் அவர் மனைவியும். எல்லாரும் இறங்கி லயத்தைப் பார்த்தார்கள். பிறகு தொப்பிக்காரப் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் பெரியப்பாவைப் பார்த்தாள். "அண்ணே, பழைய லயம் எங்கே?" என்று மலாயில் கேட்டாள். பெரியப்பா முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, இதுதான், இதுவேதான் என்று கையை வீசிக் காட்டினார். கேமராக்காரர் ஒருவர் அஞ்சடிக்கு வந்து, தொங்கிய வாளியை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வெள்ளிச் சாயம் நகத்தோடு வந்தது. பெரியப்பா பாவம், தன் அப்பன் பாட்டன் தோளில் சுமந்த வாளி என்று எவ்வளவோ சொன்னார். கேமராக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அம்மா வாசலுக்கு வந்தாள். தீபாவளிச் சேலை, தலை நிறையப் பூ. "வாங்க வாங்க, மாசோக், மாசோக்," என்று தமிழும் மலாயுமாகக் கூப்பிட்டாள். முதலில் வந்த சீன அம்மா வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பளபளவென்று விரிப்பு. குனிந்து தன் செருப்பைக் கழற்றினார். அவரைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். வெள்ளைக்காரக் கிழவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று கழற்றினார். அஞ்சடி முழுக்கச் செருப்பும் சப்பாத்துமாகக் குவிந்து, பக்கத்து வீட்டு வாசல் வரைக்கும் வழிந்தது.

அதற்குப் பிறகு பழைய வாழ்க்கையை யாரும் கேட்கவில்லை, சாப்பிட்டார்கள். மீகூன், உளுந்து வடை, கேசரி, ரோஸ் நிறச் சிரப் தண்ணீர். இடம் போதாமல் பெரியம்மா வீட்டிலும் உட்கார்ந்தார்கள். அம்மா இலையில் வைத்துக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்று கை நீட்டினவர்களின் கைக்கு மேலே வைத்தாள். உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து, வெள்ளைக்காரக் கிழவரிடம் கைகுலுக்கிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் ஒரு மொழியும் இல்லாமல் நன்றாகப் பேசினார்கள்.

நான் மாணவிகளை வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓடைக்கு அழைத்துப் போனேன். அம்மா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு மலையைப் படம் எடுத்தார்கள். மேகம் அப்போதுதான் மலையை விட்டு ஏறிக்கொண்டிருந்தது. இவ்வளவு அழகான இடத்தில் இருக்கிறாயே, நீ கொடுத்துவைத்தவள் என்று ஒரு அக்கா மலாயில் சொன்னாள். அந்த மலையை நான் அதுவரைக்கும் மழை வருகிற திசையாகத்தான் பார்த்திருந்தேன். அந்தப் பக்கம் கறுத்தால் ஓடிப்போய்த் துணி எடுக்க வேண்டும். தீபாவளிக்கு அப்புறம் நாங்கள் இங்கே இருக்க மாட்டோம் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கிராணி. எல்லாவற்றையும் விட்டுவிட்டு முன்பக்கம் ஓடினேன்.

பெரியப்பா எனக்கு முன்னாலேயே ஓடிவந்து கிராணியின் வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொடுத்தார். கூட்டத்தைப் பார்த்துக் கிராணிக்கும் ஆச்சரியம்தான். பஸ்ஸைப் பார்த்தார், வெள்ளைக்காரரைப் பார்த்தார், மீசையைத் தடவிக்கொண்டார். பெரியப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மீன் தூண்டிலைக் கடித்துவிட்டது என்று அர்த்தம். பீடோர் போக வேண்டியதில்லை, அப்பா கொட்டகையில் படுக்க வேண்டியதில்லை, இன்னும் கொஞ்ச நேரம் எல்லாம் நல்லபடியாக நடந்துவிட்டால் போதும்.

கிராணி செருப்புக் குவியலைத் தாண்டிக் காலை எட்டி வைத்து, அதே உயரமான சப்பாத்தோடு வாசற்படியில் ஒரு காலை வைத்தார்.

"கிராணி ஐயா," என்றாள் அம்மா. கையில் சிரப் தட்டு. காலையிலிருந்து எல்லாரிடமும் சிரித்துக்கொண்டிருந்த அதே சிரிப்பு. "சப்பாத்த கழட்டிட்டு வாங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் தமிழ் தெரிந்த எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள், அதைப் பார்த்துத் தமிழ் தெரியாதவர்களும் மூடிக்கொண்டார்கள். கிராணி அம்மாவைப் பார்த்தார். உள்ளே விரிப்பில் வெறுங்காலோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். வெள்ளைக்காரக் கிழவர் நல்ல மனிதர். வந்தவருக்கு இடம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து நகர்ந்து, தன் பக்கத்தில் விரிப்பைத் தட்டிக் காட்டினார்.

படியில் வைத்த காலைக் கிராணி எடுத்தார். அஞ்சடி ஓரத்தில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அது சீக்கிரம் முடிகிற வேலை இல்லை. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் கயிற்றை இழுத்து இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. ஒரு வழியாகச் சப்பாத்து கழன்றது. உள்ளே இருந்த காலுறையில் ஓட்டை. பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரியப்பா என் தொடையில் கிள்ளினார், உயிர் போகிற கிள்ளு.

கிராணி உள்ளே போய் உட்கார்ந்தார். அம்மா அவருக்கும் இலை போட்டு, எல்லாருக்கும் வைத்த மாதிரியே மீகூன் வைத்தாள், வடை வைத்தாள். "சாப்புடுங்க ஐயா, கூச்சப்படாம சாப்புடுங்க," என்றாள். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"போச்சு," என்றார் பெரியப்பா அஞ்சடிக்கு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லாம் போச்சு. நாலு பேரு மத்தியில அந்த மனுசன ஒக்கார வச்சி... இன்னைக்குத்தானா லா இதுக்கு நேரம் கெடச்சிது?" கண் கலங்கியிருந்தது அவருக்கு. வாளிக்கு வெள்ளிச் சாயம் அடித்ததைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருந்தார். இதைப் பொறுக்க முடியவில்லை.

பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த பஸ் திரும்ப வரவே இல்லை. எல்லாருக்கும் சாப்பாடு ரொம்பப் பிடித்திருந்ததாம், ஆனால் அவர்கள் பார்க்க நினைத்தது பழைய தோட்டமாம். தொப்பிக்காரப் பெண் பெரியப்பாவிடம் வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனாள். கிராணி மேலே போய் என்ன சொன்னாரோ, ஒன்றும் சொல்லாமல் இருந்தாரோ தெரியாது. எதுவானாலும் கம்பெனி முடிவை மாற்றியிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. தீபாவளி முடிந்து அம்மாவும் நானும் பீடோருக்குப் போனோம். அப்பா கொட்டகைக்குப் போனார். அடுக்குமாடி வீடு கிடைத்து மறுபடியும் மூன்று பேரும் ஒரே கூரைக்கு வருவதற்குள் நான் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டேன். லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனைதான் நிற்கிறது. பெரியப்பா இன்றைக்கும் அந்தக் கதையை எடுத்தால், "ஒங்கம்மா ஒரு வார்த்தைய வாயில வச்சிக்கிட்டிருந்தா..." என்றுதான் ஆரம்பிப்பார். அம்மா அவருக்கு இன்னொரு வடை வைப்பாள்.

ஆனால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையில் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது அதற்கு அப்புறம் நடந்த ஒன்று. உள்ளே எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா வெளியே வந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு அஞ்சடியில் குந்தி உட்கார்ந்து, அந்தச் செருப்புக் குவியலைச் சோடி சோடியாகப் பிரித்து, போகிறவர்கள் அப்படியே காலை நுழைக்கத் தோதாக வெளிப்பக்கம் பார்த்து வைக்க ஆரம்பித்தாள். கிராணியின் சப்பாத்தைக் கையில் எடுத்தாள். படியோரத்தில் தட்டி மண்ணை உதிர்த்தாள். அதையும் அந்த வரிசையிலேயே, ஒரு மாணவியின் ரப்பர்ச் சிலிப்பருக்கும் வெள்ளைக்காரக் கிழவரின் சப்பாத்துக்கும் நடுவில் வைத்தாள். பிறகு எழுந்து இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, அஞ்சடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நீண்டிருந்த வரிசையைப் பார்த்தபடி நின்றாள்.

பஸ்காரன் ஹாரன் அடித்தான். நான் தவித்துக்கொண்டு அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே போய்க் கிராணியிடம் ஏதாவது சொல்லும்மா, மன்னிப்புக் கேளும்மா என்றேன். அம்மாவுக்குக் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"பாருடி," என்றாள். "நம்ம வூட்டுக்கு எவ்ளோ பேரு வந்திருக்காங்க பாரு."

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. வீடே கையை விட்டுப் போகிறது, பெரியப்பா அங்கே இடிந்துபோய் நிற்கிறார், இந்த அம்மா என்னவென்றால் செருப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாளே என்று அவள் மேல் அப்படி ஒரு கோபம் எனக்கு.